மாசக் கடைசியில ஒரு பக்கம்: வாசிப்பு நோட்டு பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல யாரோ கேட்ட ஒரு சமையல் கேள்விக்கு பதில் எழுதும்போது "இது என் வாசிப்பு நோட்டுல குறிச்சு வச்சிருந்தது"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், அது என்ன நோட்டு, அதுல என்ன எழுதுவீங்க, எப்ப எழுதுவீங்கன்னு லெட்டரும் வாட்ஸ்அப்பும் வந்துக்கிட்டே இருக்கு. அதுல பாதிக்கு மேல நம்ம மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்குறவங்க கிட்ட இருந்து. செங்கோட்டை, களியக்காவிளை, கம்பம், கொழிஞ்சாம்பாறை, அங்க வடக்க நகரி வரைக்கும். அதனால இந்த தடவை வேற எந்த கேள்வியும் எடுக்கல, முழுசும் இதுக்கே.

கேள்வி: அக்கா, நான் செங்கோட்டையில இருந்து தினமும் புனலூருக்கு வேலைக்கு போறேன். ட்ரெயின்லயே மாசம் நாலு அஞ்சு புத்தகம் முடிச்சிடுவேன். ஆனா ஆறு மாசம் கழிச்சு யாராவது கேட்டா ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குது. ஒரு தடவை ஏற்கனவே படிச்ச புத்தகத்தையே லைப்ரரில இருந்து திரும்ப எடுத்துட்டு வந்து முப்பதாவது பக்கத்துலதான் கண்டுபிடிச்சேன். நோட்டு எழுதினா இது சரியாகுமா? எப்படி ஆரம்பிக்கணும்?
(வாசகி, செங்கோட்டை)

பதில்: தங்கச்சி, சரியாகும். ஆனா எல்லாம் ஞாபகம் இருக்கும்னு நினைக்காத, எதை எங்க போய் தேடணும்னு தெரியும், அதுவே பெரிய விஷயம்.

என்னோடது சாதாரண லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு. கட்டு பிரியாம இருக்கணும்னு தச்ச நோட்டா பாத்து வாங்குவேன், ஜெல் பேனா தொடவே மாட்டேன், ஏன்னா நம்ம ஊர் சாரல் உனக்கு தெரியும், ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வீட்டுக்குள்ள இருக்குற காகிதம்கூட ஈரம் குடிச்சுக்கிட்டு கிடக்கும், ஒரு வருஷம் ஜெல் பேனால எழுதின ரெண்டு மாச பக்கம் அப்படியே நீலமா பரவி ஒரு பேர்கூட படிக்க முடியாம போயிடுச்சு. அதுல இருந்து பால் பாயிண்ட்தான்.

ஒரு புத்தகம் முடிச்சா அன்னைக்கு ராத்திரிக்குள்ள எழுதிடணும். மறுநாள்னு தள்ளினா அது அடுத்த வாரம் ஆயிடும், அடுத்த வாரத்துக்குள்ள அடுத்த புத்தகம் வந்து இதை அமுக்கிடும். தேதி, புத்தகத்து பேர், எழுதினவங்க பேர், மொழிபெயர்ப்பா இருந்தா மொழிபெயர்த்தவங்க பேர், எங்க இருந்து கைக்கு வந்துச்சு (லைப்ரரியா, யார் கொடுத்தது, எந்த பழைய புத்தகக் கடை), இது என்ன வகை. இதெல்லாம் ஒரே வரியில அடங்கிடும். அதுக்கு கீழ இன்னொரு வரி, இந்த புத்தகத்துல இருந்து எனக்குள்ள தங்கினது என்ன. கதைச் சுருக்கம் எழுதாத. அதை அட்டையிலயே போட்டிருப்பாங்க, அதுக்கு நீ தேவையில்ல. உனக்கு மட்டும் பட்டது எதுவோ அதை எழுது.

என் நோட்டுல ஒரு ஜூலை மாசத்து பக்கம் இருக்கு. கிணறு வெட்டுறவங்களைப் பத்தி ஒண்ணு படிச்சிருக்கேன். அதுக்கு கீழ நான் எழுதினது இது: "ஆழக் கிணத்துல இறங்கறதுக்கு முன்னாடி விளக்கைக் கொளுத்தி கயித்துல இறக்கிப் பாப்பாங்களாம், அது அணைஞ்சா ஆள் இறங்க மாட்டாங்களாம், கீழ மூச்சு விட காத்து இல்லைன்னு அர்த்தம். எங்க சின்னத் தாத்தா கிணத்துல இறங்கி செத்தது இப்படித்தானோ." அவ்வளவுதான். அந்த புத்தகத்துல வேற என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு கேட்டா பாதி சொல்ல மாட்டேன், ஆனா அந்த ரெண்டு வரியைப் படிச்ச உடனே அது மொத்தமும், அன்னைக்கு நான் உக்காந்திருந்த திண்ணையும், மழையும், எங்க சித்தி சொன்ன கதையும் சேந்து வந்துடுது.

இந்தப் பழக்கம் எனக்கு எங்க அப்பா கிட்ட இருந்து வந்தது. அவர் ஒரு மிளகு பாக்கு கமிஷன் கடையில கணக்கு எழுதினவர். கணக்கு நோட்டு எழுதி முடிஞ்சதும் கடைசியில மிஞ்சுற வெள்ளைப் பக்கத்துல படிச்ச புத்தகத்தை எல்லாம் எழுதி வச்சிருந்தார், வரவு செலவு மாதிரியே கோடு போட்டு. இடது பக்கம் வாங்கின தேதி, வலது பக்கம் திருப்பிக் கொடுத்த தேதி. நடுவுல பேர். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்துலதான இருந்துச்சு, அதனால அவர் பள்ளிக்கூடத்துல மலையாளமும் படிச்சவர், மலையாளப் புத்தகத்து பேரை எல்லாம் தமிழ் எழுத்துல எழுதி பக்கத்துல ஒரு சின்ன "ம" போட்டிருப்பார். ஒரு இடத்துல மட்டும் திருப்பிக் கொடுத்த தேதிக்கு நேரா "கொடுக்க மனசில்லை, ஆனாலும் கொடுத்தாச்சு"ன்னு இருக்கும். நான் எத்தனையோ விமர்சனம் படிச்சிருக்கேன், ஒரு புத்தகத்தைப் பத்தி அதைவிட நல்லா யாரும் எழுதி நான் பாத்ததில்ல.

மாசக் கடைசி நாள் மட்டும் ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கோ. அந்த மாசத்து வரிகளை மேல இருந்து கீழ ஒரு தடவை படி, கீழ ஒரு கோடு போட்டு எத்தனை கதை, எத்தனை கவிதை, எத்தனை வரலாறுன்னு எழுதிட்டு, அந்த மாசம் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஒரே ஒரு வரி எழுது. "அம்மாவுக்கு கண் ஆபரேஷன்", "ஆபீஸ்ல ஆடிட்", "குத்தாலத்துல தண்ணி விழுந்துச்சு" இப்படி. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா ஏன் அந்த மாசம் ஒரே ஒரு புத்தகம்தான் படிச்சோம்னு அந்த வரி சொல்லிடும். நீ ட்ரெயின்ல படிக்கிறவ, பகவதிபுரம் தாண்டி அந்த நீளக் குகைக்குள்ள வண்டி போறப்ப எப்படியும் புத்தகத்தை மூடத்தான் செய்வ, அந்த ரெண்டு நிமிஷத்துல இது வரைக்கும் படிச்சதுல எது மனசுல நிக்குதுன்னு யோசிச்சுப் பாரு, ராத்திரி எழுதுறதுக்கு வரி அங்கயே கிடைச்சிடும்.

கேள்வி: மேடம், என் ஃப்ரெண்டு வருஷத்துக்கு 100 புத்தகம்னு டார்கெட் வச்சு ஆப்ல அப்டேட் பண்றான். நான் மாசத்துக்கு ரெண்டுதான் படிக்கிறேன். வெக்கமா இருக்கு. ஆப்ல எழுதுறது நல்லதா நோட்டு நல்லதா?
(காலேஜ் மாணவர், களியக்காவிளை)

பதில்: தம்பி, வெக்கப்பட ஒண்ணுமில்ல, கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு புத்தகம் சராசரியா 200 பக்கம்னு வச்சுக்கிட்டா 100 புத்தகம்னா 20,000 பக்கம், அதாவது ஒரு நாள் விடாம தினமும் 55 பக்கம். முடியுறவங்க இருக்காங்க, அவங்க சந்தோஷமா படிக்கட்டும். நீ தினமும் 20 பக்கம் படிச்சா வருஷத்துக்கு 7,300 பக்கம், அதுவே 36 புத்தகம். இதுல எது பெருசுங்கறது இல்ல என் கவலை. டார்கெட் வச்சா மனுஷன் சின்னப் புத்தகமா தேட ஆரம்பிச்சிடுவான், டிசம்பர் மாசம் 60 பக்கத்து புத்தகமா எடுத்து எண்ணிக்கையை நிரப்புவான். 900 பக்கத்து நாவல் ஒண்ணு மூணு மாசம் ஆளை உள்ள வச்சுக்கும், அதை எடுக்கவே பயப்படுவான். இதை நான் கண்ணால பாத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். எண்ணிக்கையை எழுது, தப்பில்ல, ஆனா மாசம் முடிஞ்ச பிறகு எண்ணு. மாசம் பொறக்கறதுக்கு முன்னாடி எண்ணாத.

ஆப் விஷயம். படிச்ச புத்தகத்தைக் குறிச்சு வைக்கிற குட்ரீட்ஸ் 2007-ல ஆரம்பிச்சது, 2013-ல அமேசான் வாங்கிடுச்சு, உலகம் பூரா ஆளுங்க அதுல எழுதுறாங்க, நல்லதுதான். ஆனா நம்ம படிக்கிற தமிழ் புத்தகத்துல நிறைய அதுல கிடைக்காது, கிடைச்சாலும் பேர் ஒரு இடத்துல இங்கிலீஷ் எழுத்துல இருக்கும் இன்னொரு இடத்துல தமிழ்ல இருக்கும், பழைய பதிப்புக்கு ஐஎஸ்பிஎன் நம்பரே (ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொடுக்குற அடையாள எண்) இருக்காது, நாமளே புதுசா ஏத்தணும். நான் மூணு வருஷம் போன்ல ஒரு நோட்ஸ் ஆப்ல எழுதிட்டு இருந்தேன், ஒரு நாள் போன் தண்ணில விழுந்துச்சு, பேக்கப் எடுக்கல, மூணு வருஷமும் போச்சு. அன்னைக்கு நான் அழுதேன், சொல்றதுக்கு என்ன. ஆப் பிடிச்சிருந்தா ஆப்லயே எழுது, கூகுள் ஷீட்ல எழுதினாலும் சரி, ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை பிரிண்ட் எடுத்து பீரோல வை.

கேள்வி: அக்கா வணக்கங்க. நான் கொழிஞ்சாம்பாறைங்க. நீங்க எழுதின மாதிரி ஆறு மாசமா எழுதிப் பாத்தேனுங்க, பாத்தா இருபத்தி மூணுல இருபத்தொண்ணு க்ரைம் நாவல். வகை வகையா படிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, வகைன்னா எப்படி பிரிக்கிறதுங்க? க்ரைம் படிக்கிறது தப்புங்களா?
(மளிகைக்கடை வச்சிருக்கும் வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: தப்பே இல்லைங்க அண்ணா. ஆறு மாசம் விடாம எழுதி, இருபத்தி மூணுல இருபத்தொண்ணுன்னு எண்ணியும் பாத்தீங்க பாருங்க, பாதிப் பேர் அதைச் செய்யறதே இல்ல.

எப்படி பிரிக்கிறதுன்னு கேட்டீங்க, உங்க கடையில எப்படி பிரிச்சு வச்சிருப்பீங்களோ அப்படித்தான். பருப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம். லைப்ரரிக்காரங்க இதை ரொம்ப நாளைக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க. 1876-ல அமெரிக்காவுல மெல்வில் டூயின்னு ஒருத்தர் உலகத்துல இருக்குற புத்தகத்தை எல்லாம் பத்து கூடையா பிரிச்சு எண் கொடுத்தார். 000 பொது, 100 தத்துவம், 200 மதம், 300 சமூகம், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம் (வைத்தியம், விவசாயம், சமையல் எல்லாம் இதுலதான்), 700 கலை, விளையாட்டு, 800 இலக்கியம், 900 வரலாறு, பூகோளம், பயணம். லைப்ரரில புத்தகத்து முதுகுல ஒட்டியிருக்குற சீட்டுல 894.811னு பாத்திருப்பீங்க, அது தமிழ் இலக்கியத்துக்கான எண். நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல சென்னை பல்கலைக்கழக நூலகரா போனவர், அவர் இதுல திருப்தி இல்லாம 1933-ல தனியா கோலன் பகுப்பு முறைன்னே ஒண்ணு பண்ணினார். நமக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். நோட்டோட கடைசிப் பக்கத்துல பத்து கட்டம் போடுங்க, ஒரு புத்தகம் முடிஞ்சா அந்தக் கட்டத்துல ஒரு புள்ளி வைங்க. உங்களுக்கு 800-ல புள்ளி குவிஞ்சு கிடக்கும், அதுக்குள்ள க்ரைம், கவிதை, சிறுகதை, நாடகம்னு நாலா பிரிச்சுக்குங்க. 500-ம் 900-மும் காலியா கிடக்கும். அந்த காலிக் கட்டத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா மனசு தானா அந்த அலமாரிப் பக்கம் போகும், நான் என் அனுபவத்துல சொல்றேன்.

என்னோட பெரிய வெறுமை 500-ல இருந்துச்சு. பள்ளிக்கூடத்தோட அறிவியலை விட்டவ, நாப்பது வயசுல ஒரு பறவைப் புத்தகம் எடுத்தேன், அந்தக் கட்டத்துல ஒரு புள்ளி வைக்கணுங்கறதுக்காக மட்டும்தான் எடுத்தேன். இன்னைக்கு வீட்டுக்குப் பின்னாடி மாமரத்துல கத்துறது குக்குறுவான்னு குரலை வச்சே சொல்லுவேன்.

இன்னொண்ணு சொல்லணும். 1880-ல கும்பகோணத்துல நடந்தது. உ.வே. சாமிநாதையர் அப்ப காலேஜ்ல தமிழ் வாத்தியார், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டவர், படிக்காத அந்தாதி இல்ல, பிள்ளைத்தமிழ் இல்ல, கோவை, உலா, தலபுராணம்னு அவ்வளவும் படிச்சவர். புதுசா முன்சீப்பா, அதாவது கோர்ட் நீதிபதியா வந்திருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பாக்கப் போறார். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு அவர் கேக்க, இவர் ஒவ்வொண்ணா அடுக்குறார், முதலியார் முகத்துல ஒரு அசைவும் இல்ல. அதுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படிச்சிருக்கீங்களா, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டார். இவர் படிச்சதில்ல. ஒரே ஒரு காலிக் கட்டத்தை ஒருத்தர் விரல் வச்சுக் காட்டினார், ஏழு வருஷம் கழிச்சு 1887-ல சிந்தாமணி அச்சுல வந்துச்சு, அதுக்குப் பிறகு சங்க நூல்கள் ஒவ்வொண்ணா வந்துச்சு. நம்ம எல்லாருக்கும் ஒரு ராமசாமி முதலியார் கிடைக்க மாட்டார் அண்ணா, அந்தக் கேள்வியைக் கேக்கறதுக்குத்தான் அந்த பத்து கட்டம்.

மாசத்துக்கு ஒண்ணு மட்டும் காலிக் கட்டத்துல இருந்து எடுங்க, மிச்சம் எல்லாம் க்ரைமே படிங்க. அதுவும் பிடிக்கலேன்னா கீழ வச்சிடுங்க.

கேள்வி: பாதியில விட்ட புத்தகத்தை நோட்டுல எழுதணுமா? (விசைத்தறி தொழிலாளி, நகரி)

பதில்: கண்டிப்பா எழுதுங்க தம்பி, எந்தப் பக்கத்துல விட்டீங்கன்னு நம்பரோட. ரெண்டு வருஷம் கழிச்சு அதே புத்தகம் பிடிச்சுப்போகும், அப்ப அந்த நம்பர் உங்களைக் கூப்பிடும்.

கேள்வி: அக்கா, நான் கம்பத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்ல போறவ. விடியக்காலம் கிளம்பினா பொழுது சாய வர்றேன். புத்தகம் பிரிக்க முடியாது, ஜீப்பு ஆடுற ஆட்டத்துல எழுத்தே நிக்காது. போன்ல கதை கேக்குறேன், யூட்யூப்ல புத்தகம் வாசிக்கிறவங்க வீடியோ, ஒரு மாசத்துல மூணு நாவல்கூட கேட்டிருக்கேன். இது வாசிப்புக் கணக்குல சேருமா? என் மக சேராதுங்கறா.
(வாசகி, கம்பம்)

பதில்: சேரும், சேரும், நூறு தடவை சொல்றேன் சேரும். மகளை உக்கார வச்சு சொல்லுங்க, நம்ம ஊர்ல ராமாயணமும் மகாபாரதமும் எத்தனை பேர் வாசிச்சு தெரிஞ்சுக்கிட்டாங்க, எத்தனை பேர் கோயில் மண்டபத்துல ஒருத்தர் படிக்க உக்காந்து கேட்டு தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு. தெருக்கூத்துலயும் வில்லுப்பாட்டுலயும் கேட்டது கணக்குல வராதா? நோட்டுல பக்கத்துல ஒரு "கே" போடுங்க, கேட்டதுன்னு தெரியட்டும். வாசிச்சவங்க பேரையும் எழுதுங்க, ஏன்னா கேக்குற புத்தகத்துல பாதி அந்தக் குரல். எழுத நேரமில்லேன்னா ஞாயித்துக்கிழமை ஒரு நாள் போதும், இல்ல நீங்க சொல்லச் சொல்ல மகளே எழுதட்டுமே, நீங்க கேட்ட கதையை அவ எழுதுறதுல அவளும் அதுக்குள்ள வந்துடுவா.

கேள்வி: எனக்கு தமிழும் மலையாளமும் ரெண்டும் வாசிக்க வரும். வீட்டுல பேசுறது ரெண்டும் கலந்த பேச்சு. நோட்டை எந்த மொழியில எழுதுறது? ஒரே புத்தகத்தை மலையாளத்துலயும் தமிழ் மொழிபெயர்ப்புலயும் படிச்சா ஒண்ணா ரெண்டா? அப்புறம் கேரளாவுல பாறசாலைப் பக்கம் உள்ள கிரந்தசாலையில (நூலகம்) ஞான் மெம்பர், இங்க நம்ம கிளை நூலகத்துலயும் மெம்பர், ரெண்டையும் தனித்தனியா எழுதணுமா?
(ஆசிரியை, களியக்காவிளை பக்கம்)

பதில்: டீச்சர், உங்க லெட்டர்ல "ஞான்"னு எழுதிட்டு அதை அடிக்காம அப்படியே விட்டிருந்தீங்க, எனக்கு அவ்வளவு பிடிச்சது. நோட்டையும் அப்படியே எழுதுங்க. அது நீங்க உங்களுக்கு எழுதுறது, பரீட்சை பேப்பர் இல்ல. புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல இருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரே, அந்தக் காலத்துல பேசின தமிழ்ல, பிரெஞ்சு வார்த்தை, பாரசீக வார்த்தை எல்லாம் வாய்ல வந்தபடி கலந்துதான் எழுதினார். சுத்தத் தமிழ்ல எழுதறேன்னு உக்காந்திருந்தா அவ்வளவு எழுதியிருக்க மாட்டார்னு எனக்குத் தோணும். மலையாளப் புத்தகத்துல ஒரு வரி பிடிச்சா மலையாள எழுத்துலயே எழுதி வைங்க, அதுக்கு கீழ உங்களுக்கு பட்டதை வந்த பாஷையில எழுதுங்க.

ஒண்ணா ரெண்டாங்கற கேள்விக்கு என் பதில் ரெண்டு. மொழிபெயர்த்தவங்க ஒரு வேலை செஞ்சிருக்காங்க, அதையும் நாம வாசிச்சிருக்கோம். எண்ணிக்கைக்காக இதை சொல்லல, ரெண்டையும் பக்கத்து பக்கத்துல எழுதினா எந்த இடத்துல தமிழ் தடுமாறுச்சு, எந்த இடத்துல மூலத்தைவிட நல்லா வந்திருக்குன்னு உங்களால சொல்ல முடியும். எல்லையில இருக்குற நம்மாலதான் அது முடியும் டீச்சர், சென்னையில இருக்குறவங்களால அவ்வளவு சுலபமா முடியாது. நீங்க அதை எழுதி வைக்காம விட்டா எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

கிரந்தசாலையையும் இங்க உள்ள லைப்ரரியையும் தனி நோட்டா பிரிக்க வேண்டாம், "எங்க இருந்து"ங்கற இடத்துல எழுதினா போதும். ஆனா அந்த இடத்தை மட்டும் விட்டுடாதீங்க. ரெண்டுக்கும் பின்னாடி ரெண்டு கதை இருக்கு. இந்தப் பக்கம் 1948-ல சென்னை மாகாண பொது நூலகச் சட்டம் வந்துச்சு, சொத்து வரியோட சேத்து நாம கட்டுற நூலக வரியிலதான் நம்ம கிளை நூலகம் நடக்குது. அந்தப் பக்கம் ஊர்க்காரங்களே கூடி ஆரம்பிச்ச வாசகசாலைகள். நீலம்பேரூர்ல பிறந்த பி.என். பணிக்கர்ங்கற வாத்தியார் அதையெல்லாம் தேடித்தேடி நடந்து, 1945-ல 47 நூலகத்தை ஒண்ணா சேத்து திருவாங்கூர் கிரந்தசாலை சங்கம் ஆரம்பிச்சார், அது ஆயிரக்கணக்குல வளந்துச்சு. அவர் 1995 ஜூன் 19-ல இறந்தார், அந்த நாளைத்தான் நீங்க உங்க ஸ்கூல்ல வாயனா தினம்னு, அதாவது வாசிப்பு நாள்னு கொண்டாடுறீங்க. நோட்டுல "கிரந்தசாலை"ன்னு எழுதுறப்ப அந்த ஆளோட நடையும் அதுல இருக்கு. பிள்ளைங்களுக்கும் அந்த ஜூன் 19 அன்னைக்கு ஒரு நோட்டை கையில கொடுத்து ஆரம்பிச்சு வைங்க, மார்க் மட்டும் போடாதீங்க. மார்க் போட்டா பிள்ளைங்க படிக்காத புத்தகத்தையும் எழுதும்.

கேள்வி: தங்கச்சிக்கு, தென்காசியில இருந்து எழுதுறேன். எனக்கு வயசு 71. போன தை மாசம் என் வீட்டுக்காரி காலமாயிட்டா. அவ 1998-ல இருந்து படிச்சதை எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கா, மொத்தம் நாலு நோட்டு, நான் ஒரு நாளும் பிரிச்சுப் பாத்ததில்ல. எனக்கு பேப்பர் படிக்கிறதோட சரி. இப்ப பிரிச்சுப் பாத்தா அவ கூட பேசுற மாதிரி இருக்கு. பல புத்தகத்துக்கு பக்கத்துல "வா"ன்னு ஒரு எழுத்து போட்டிருக்கா, எதுக்குன்னு புரியல. எங்க அம்மா கண்ணு தெரியாம நாலு வருஷம் படுக்கையில கிடந்தாங்க, 2009-ல இருந்து 2013 வரைக்கும், அவங்களையும் பாத்துக்கிட்டு இவ்வளவு எப்ப படிச்சான்னே தெரியல. இந்த நோட்டை லைப்ரரிக்கு கொடுத்துடலாமான்னு பையன் கேக்குறான். என்ன பண்ண?

பதில்: அண்ணாச்சி, உங்க லெட்டரை நான் மூணு தடவை படிச்சேன். லைப்ரரிக்கு இப்ப கொடுக்க வேண்டாம். பையன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. நோட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வைக்காதீங்க, உள்ள ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிடும், துணியில சுத்தி அலமாரி மேல் தட்டுல வைங்க, பக்கத்துல ரெண்டு வேப்பிலைக் கொத்து காயவச்சுப் போடுங்க. அதுக்கு முன்னாடி பேரப்பிள்ளைங்க யாரையாவது விட்டு ஒவ்வொரு பக்கமா போன்ல போட்டோ எடுக்கச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு காரியம் செய்ங்க. முதல் நோட்டுல அவங்க எழுதின முதல் புத்தகத்தை லைப்ரரில தேடி எடுத்து வாசிங்க. பேப்பர் படிக்கிற கண்ணு புத்தகமும் படிக்கும். ஒரு நாளைக்கு பத்து பக்கம் போதும். முடிச்சிட்டு அவங்க எழுதின வரிக்கு கீழ இடம் இருந்தா உங்க வரியை எழுதுங்க, அவங்க எழுத்தை ஒட்டி எழுத மனசு வரலேன்னா தனி நோட்டு போடுங்க.

அந்த "வா" விஷயம். அதை நினைச்சுக்கிட்டே இருந்தேன். வாங்கினதுன்னு இருக்கலாம்னு முதல்ல தோணிச்சு. பிறகு உங்க அம்மாவைப் பத்தி நீங்க எழுதின வரியை திரும்ப படிச்சேன். கண்ணு தெரியாத மாமியார், படுக்கையில, நாலு வருஷம், பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது உங்க வீட்டுக்காரங்க. நோட்டுல 2009-ல இருந்து 2013 வரைக்கும் உள்ள பக்கங்களை மட்டும் எடுத்து வச்சுப் பாருங்க அண்ணாச்சி. "வா" எல்லாம் அந்த நாலு வருஷத்துக்குள்ளயே இருந்துச்சுன்னா அது வாசிச்சுக் காட்டினதுக்கு போட்டதா இருக்கும். நீங்க வேலைக்குப் போயிருந்த பகல்ல உங்க அம்மாவுக்கு. பாத்துட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்க.